தெர்மாகோல் கல்லறைக்கு இந்த ஆண்டு விடுமுறை கொடுங்கள்

வேலூர் மறைமாவட்டப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையருக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் வழிபாட்டுக் குழுவினருக்கும் அன்பியம் எனும் குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தவக்காலத்தின் நான்காம் வாரம் வந்துவிட்டால் பேரவைக் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த வருஷம் உயிர்ப்புக்கு செட் யார் போடுறது?" பீடத்தின் ஓரத்தில் தெர்மாகோல் பாறை, கறுப்புத் துணி, உள்ளே சீரியல் விளக்கு, கீழே கயிறும் கப்பியும். வசதியான பங்கென்றால் மோட்டார். சனி இரவு வழிபாட்டில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்பாடல் தொடங்கும் நொடியில் பாறை உருளும், புகை கிளம்பும், இயேசுவின் சுரூபம் மேலே எழும்பும், வெளியே சரவெடி வெடிக்கும். இளைஞர்கள் மூன்று இரவு தூங்காமல் உழைத்துச் செய்வது அது. அந்த உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அதை வேறிடத்துக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான்கு நற்செய்திகளையும் வரிவரியாகப் பாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்த அந்த நொடியை ஒருவர்கூட எழுதவில்லை. மத்தேயுவில் நிலம் அதிர்கிறது, தூதர் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்காருகிறார். அதற்குள் கல்லறை காலி. கல் புரண்டது பெண்கள் உள்ளே பார்ப்பதற்காக. யோவானில் கிடப்பது துணிகள் மட்டும், தலைத்துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. லாசரை நினைத்துப் பாருங்கள். அவர் கைகால் கட்டுகளோடு வெளியே வந்தார், வேறொருவர் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது, பின்னொரு நாள் மறுபடியும் இறந்தார். அது பழைய உயிர் திரும்பியது. கிறிஸ்து இனி இறக்கமாட்டார், சாவுக்கு அவர்மேல் ஆட்சி இல்லை என்கிறது உரோமையர் 6:9. மோட்டாரில் எழும்பும் சுரூபம் நமக்குக் காட்டுவது அதிகம் போனால் லாசரைத்தான்.

நாடகமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வடஆற்காட்டு ஊர்களில் பாஸ்கா நாடகத்துக்கு என்று ஒரு தனி மரியாதை உண்டு. அதை ஞாயிறு மாலை கோவில் மைதானத்தில் போடுங்கள், செட்டும் அங்கே நிற்கட்டும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனி இரவின் பாஸ்கா திருவிழிப்புக்குத் திருச்சபை நான்கு பொருள்களைக் கையில் கொடுத்திருக்கிறது: நெருப்பு, இறைவாக்கு, தண்ணீர், அப்பமும் இரசமும். செட்டுக்கு இடம்விட்டு விட்டு இந்த நான்கும் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப் போகின்றன.

இந்த இரவு நமக்குக் கிடைத்ததே அண்மையில்தான். பல நூற்றாண்டுகளாகத் திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே, வெயில் அடிக்கும்போது முடிந்துவிடும். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1951-இல் சோதனை முறையாக அதை இரவுக்குத் திருப்பினார். 1955 நவம்பரில் ஆணை வந்தது, 1956 முதல் எல்லா இடத்திலும் நடப்புக்கு வந்தது. நம் மறைமாவட்டம் சென்னை மயிலையிலிருந்து பிரிந்தது 1952-இல். ஏறக்குறைய நம் மறைமாவட்டத்தின் வயதுதான் இந்த இரவுக்கும்.

முதலில் நேரம். இரவு வந்தபின் தொடங்கி, ஞாயிறு விடியுமுன் முடிக்க வேண்டும் என்பது திருப்பலிப் புத்தகத்தின் விதி. ஏப்ரல் தொடக்கத்தில் வேலூரில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.20-க்கு, 7.15-க்கு முன் முழு இருட்டு வராது. கிளைக் கிராமத்தில் மாலை 6 மணிக்கே நெருப்பு மூட்டினால், திரியை ஏந்தி 'கிறிஸ்துவின் ஒளி' என்று பாடும்போது மேற்கே சூரியன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே குருவானவர் மூன்று கிராமத்துக்கு ஓட வேண்டிய நிலை நமக்குத் தெரியும். சிறிய சமூகங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே திருவிழிப்பு கொண்டாடுவதை 1988-இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடலே ஊக்குவிக்கிறது. செட்டுக்கும் சரவெடிக்கும் போகும் பணத்தில் இரண்டு வேன் பேசலாம். கிளைக் கிராமத்தில் ஞாயிறு காலைத் திருப்பலி, அதில் திருமுழுக்கு வாக்குறுதி புதுப்பித்தல், தீர்த்தம் தெளித்தல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு அடிக்கும்போது 'உன்னதங்களிலே' பாட வேண்டும் என்ற ஆசையால்தான் பல பங்குகளில் வாசகங்கள் வெட்டுப்படுகின்றன. 11 மணிக்குத் தொடங்குவார்கள். பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழில் மூன்றுதான் நிற்கும். கணக்கு போட்டுப் பாருங்கள். நெருப்பும், அதில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியின் ஆயத்தமும் 12 நிமிடம், திரியோடு பவனி 8, திரியின் முன் பாடும் பாஸ்கா புகழுரை 10. ஆக அரைமணி. ஏழு வாசகம், ஒவ்வொன்றுக்கும் பதிலுரைப் பாடல், எழுந்து நின்று ஒரு மன்றாட்டு: ஒன்றுக்குச் சராசரி எட்டரை நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். 10.30-க்கு நெருப்பின் முன் வழிபாட்டைத் தொடங்கினால், ஒரு வாசகமும் விடாமல், பன்னிரண்டுக்கு மணி அடிக்கலாம். ஊர் வழக்கமும் காப்பாற்றப்படும்.

தேவை இருந்தால் வாசகங்களைக் குறைக்க அனுமதி உண்டு. ஆனால் இஸ்ரயேலர் செங்கடலைக் கடக்கும் விடுதலைப்பயணம் 14-ஐ விடக்கூடாது. செங்கடல் இல்லாமல் அன்றைய தண்ணீருக்கு அர்த்தம் இல்லை. எசேக்கியேல் 36-ஐயும் விட்டுவிடாதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள். தூய நீர் தெளிப்பேன், புதிய இதயம் தருவேன் என்று கடவுள் சொல்வது அங்கேதான். பிறகு வரும் உரோமையர் 6-தான் அந்த இரவின் நடுத்தூண். திருமுழுக்கில் அவரோடு அடக்கம் செய்யப்பட்டோம், அவர் எழுந்ததுபோல் நாமும் புதிய வாழ்வு வாழ என்கிறார் பவுல். இந்தத் திருமுகத்தைத்தான் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறோம். நல்ல வாசகரை இதற்கு வையுங்கள். தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் 'மாலையும் காலையும்' வரும் இடங்களில் ஒரு மூச்சு நிறுத்தி வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். எட்டு வாசகருக்கும் தவக்காலம் மூன்றாம் வாரமே பகுதியைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

நெருப்பு விஷயத்தில் நடக்கும் தவறுகள் ஆபத்தானவை. விறகு ஈரமாக இருக்கும், பற்றாது, யாராவது பெட்ரோலை ஊற்றுவார்கள். ஆவியோடு சேர்ந்து குப்பென்று எழும் தீக்கு முன்னால் பாலியஸ்டர் அங்கியில் பீடச்சிறுவர்கள் நிற்கிறார்கள். பெட்ரோலுக்குத் தேவையே இல்லை. நம் பக்கத்தில் வேலிகாத்தான் விறகுக்குப் பஞ்சமா? விரல் கனத்தில் காய்ந்த குச்சி 5 கிலோ, அடியில் பற்றவைக்கப் பனையோலை அல்லது தென்னம்பாளை, நடுவில் பத்துப் பன்னிரண்டு கொட்டாங்குச்சி போதும். 10 மணிக்கே மூட்டிவிட்டால் 10.30-க்குப் புகை அடங்கித் தெளிவாக எரியும். கொட்டாங்குச்சித் தணல்தான் தூபக்கலசத்துக்கு. தணலை அந்த நெருப்பிலிருந்தே எடுக்க வேண்டும், பூசைப் பொருள்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் தனியாக மூட்டி வைத்த கரியிலிருந்து அல்ல. பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். நெருப்பிலிருந்து திரிக்குத் தீ கொண்டுபோக ஈர்க்குச்சியை நம்பாதீர்கள், காற்றில் அணைந்துவிடும். ஒன்றரை முழக் குச்சியின் நுனியில் மெழுகு தோய்த்த நூல்திரியைச் சுற்றி இரண்டு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாஸ்கா திரி. எண்ணெய் ஊற்றி எரியும் பிளாஸ்டிக் குழாய்த் திரி எத்தனை பங்குகளில் நிற்கிறது என்று நாங்கள் எண்ணப்போவதில்லை. மேலே சொன்ன 1988 சுற்றுமடல் தெளிவாகச் சொல்கிறது: திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், செயற்கையாக இருக்கக்கூடாது, ஆண்டுதோறும் புதியது, ஒன்றே ஒன்று, போதிய அளவு பெரியது. போன ஆண்டு எண்மேல் இந்த ஆண்டு ஸ்டிக்கரை ஒட்டுவது புதுப்பித்தல் ஆகாது. புகழுரையிலேயே தேனீக்களின் உழைப்பைப் பாடுகிறோம். பாடிவிட்டு பாமாயிலைக் கொளுத்துகிறோம்.

வாங்கும்போது பாருங்கள்: 3 அங்குலக் கனம், இரண்டரை அடி உயரம் இருந்தால் நடுத்தரக் கோவிலுக்குப் போதும். கனமான திரிக்கு மெல்லிய நூல் போட்டு விற்பார்கள். அது நடுவில் மட்டும் குழி தோண்டி, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணையும். முதல் முறை ஏற்றும்போது மேற்பரப்பு ஓரம்வரை உருகும் மட்டும் எரிய விட வேண்டும். 3 அங்குலத் திரிக்கு அது மூன்று மணி நேரம் பிடிக்கும். ஏழு வாசகத்தோடு நடக்கும் திருவிழிப்பு அந்த நேரத்தைத் தானாகவே கொடுக்கிறது. இன்னொரு எதிரி நம் ஊர் பெடஸ்டல் ஃபேன். திரிப் பக்கம் காற்று அடித்தால் ஒரே பக்கம் மெழுகு வழிந்து, உயிர்ப்புக் காலத்தை முடிக்கும் பெந்தகோஸ்து விழா வருமுன் திரி பாதியாகிவிடும். தகரக்கூரை போட்ட அறையில் நிறுத்தி வைத்தால் வேலூர் வெயிலில் பாரஃபின் திரி வளைந்தே போகும். பருத்தித் துணியில் சுற்றி, தரையோடு படுக்கப் போட்டு வையுங்கள்.

கிறிஸ்துவின் ஐந்து காயங்களைக் குறித்துத் திரியில் பதிக்கும் ஐந்து தூபமணிகளுக்கான துளைகளை வெள்ளிக்கிழமையே, சூடேற்றிய ஊசியால் போட்டுவிட வேண்டும். இரவில் குருவானவர் பச்சையாகக் குத்தினால் மெழுகு பிளக்கும். திரியில் கீறும் சிலுவையின் நெடுங்கோடு முதலில், பிறகு குறுக்குக்கோடு. மேலே கிரேக்கத்தின் முதல் எழுத்து அல்பா, கீழே கடைசி எழுத்து ஒமேகா. ஆண்டின் முதல் எண் இடது மேல், இரண்டாவது வலது மேல், மூன்றாவது இடது கீழ், நான்காவது வலது கீழ். தூபமணிகள் மேல், நடு, அடி, இடம், வலம் என்ற வரிசையில். ஒவ்வொன்றுக்கும் தனி வாய்ப்பாடு இருப்பதால் வரிசை மாறினால் சொல்லும் செயலும் பொருந்தாது. இதை மக்கள் காதில் விழும்படி மைக்கில் சொல்லுங்கள். காலம் முழுவதும் அவருக்குரியது என்று சொல்லி இந்த ஆண்டின் எண்ணை அவர் காயங்களோடு சேர்த்துப் பதிக்கிறோம். உயிர்ப்பு பழைய காலத்துச் செய்தியாக நின்றுவிடாமல் நம் நாட்காட்டிக்குள் வருவது அங்கேதான்.

மக்கள் கையில் கொடுக்கும் மெழுகுவர்த்தி பவனி, புகழுரை, பிறகு வாக்குறுதி என இரண்டு தவணையில் முப்பது நாற்பது நிமிடம் எரிய வேண்டும். ஒன்றை வாங்கி எரித்துப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். காகிதக் கோப்பையின் அடியில் சிலுவைபோல் கீறிச் செருகினால் மெழுகு கையில் வழியாது. எரியும் திரி நேராக நிற்கட்டும், எரியாத திரி சாயட்டும்; இந்த ஒரு வரியை முன்கூட்டியே அறிவித்தால் முன்வரிசையில் இருப்பவரின் சேலை தப்பிக்கும்.

பவனியில் மூன்றாவது முறை 'கிறிஸ்துவின் ஒளி' பாடி முடித்ததும் கோவில் விளக்குகளைப் போட்டுவிட வேண்டும். பீடத்து மெழுகுதிரிகள் மட்டும் 'உன்னதங்களிலே' வரைக்கும் காத்திருக்கும். நம் பங்குகள் பலவற்றில் இது தலைகீழ். செட் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று வாசகம் முழுக்க இருட்டில் வைத்திருக்கிறோம். வாசகர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு செங்கடலைத் தேடுகிறார், பின்வரிசையில் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். இருட்டைத் திரி விரட்டிவிட்டது என்று பாடியபின் மறுபடி இருட்டில் உட்கார்ந்திருப்பதில் என்ன பொருள்?

இசையைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' முடிந்ததிலிருந்து இந்த இரவின் 'உன்னதங்களிலே' வரைக்கும் வாத்தியங்கள் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும். கீபோர்டுகாரர் சுருதி கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கப் பழகினால், பன்னிரண்டு மணிக்கு மணியும் மேளமும் சேர்ந்து எழும்போது சரவெடி தேவைப்படாது. புகழுரையைக் குருவோ திருத்தொண்டரோ பாட முடியாவிட்டால் பாடகர் ஒருவர் பாடலாம், அவர் விடவேண்டிய சில வரிகள் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். டிராக் போட்டுப் பாடாதீர்கள். நாற்பது நாளுக்குமேல் வாயில் வராத அல்லேலூயாவை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதி ஏற்றிப் பாட வேண்டும். ஒரு கட்டையில் தொடங்கி அரைக்கட்டை அரைக்கட்டையாக ஏற்றினால் மக்களும் கூடவே வருவார்கள். எடுத்த எடுப்பிலேயே மூன்று கட்டையில் பிடித்தால் மூன்றாவது அல்லேலூயாவைப் பாடகர் குழு மட்டும் கீச்சிடும்.

இப்போது தண்ணீர். பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரவில் நாம் வைப்பது ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் பிளாஸ்டிக் தெளிப்பானும். பித்தளை அண்டா ஒன்றை, 50 லிட்டர் பிடிப்பதாக, திரியின் பக்கத்திலேயே வையுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் தீர்த்தத்துக்கு வேறு பாத்திரங்களை அதன் அருகே நிரப்பி வையுங்கள். தெளிக்க மட்டும் 500 பேருக்கு 8 லிட்டருக்குமேல் போகாது. திருமுழுக்கு உள்ள பங்கில், தண்ணீரை மந்திரிக்கும்போது பாஸ்கா திரியை ஒரு முறையோ மூன்று முறையோ நீருக்குள் இறக்குவார்கள். தண்டின் ஆணியில் இறுகிய திரி அந்த நேரம் பார்த்துக் கழலாது. சனி காலையிலேயே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள், அடியில் துடைக்க ஒரு துண்டு வைத்திருங்கள். திருமுழுக்கும் திருமுழுக்குத் தொட்டி மந்திரிப்பும் இல்லையென்றால் புனிதர் மன்றாட்டுமாலை கிடையாது, நீர் மந்திரிக்கும் செபமும் வேறு. பக்கத்தை முன்பே நாடா வைத்துக் குறித்துவிடுங்கள். தெளிக்க மாவிலைக் கொத்து நன்றாகத் தண்ணீர் பிடிக்கும். வேப்பிலையை வைத்தால் மாரியம்மன் திருவிழாவா என்று கேட்பவர் எல்லாப் பங்கிலும் நான்கு பேர் உண்டு, அந்தச் சண்டைக்கு அன்று நேரமில்லை. எந்த இலையானாலும் கடைசி வரிசையின் நெற்றியில் துளி விழ வேண்டும்.

வயதுவந்தோர் திருமுழுக்குக்கு உரிய இரவு இது. திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் ஒரே இரவில் பெறலாம். வயதுவந்தவருக்குத் திருமுழுக்கு கொடுக்கும் குருவே உறுதிபூசவும் சட்டம் இடம் தருகிறது. ஆயத்தத்தில் இருப்பவர்களைத் 'திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆகஸ்டுக்குத் தள்ளாதீர்கள்.

வாக்குறுதி புதுப்பிக்கும் இடத்தில்தான் எங்கள் மனக்குறை அதிகம். விட்டுவிடுகிறீர்களா என்று மூன்று கேள்வி, நம்புகிறீர்களா என்று மூன்று கேள்வி. நாற்பது நாள் தவக்காலம் இந்த ஆறு விடைகளுக்கான ஆயத்தம்தான். நடப்பதோ ஒன்றரை நிமிடம், அதுவும் பாதிப் பேர் அணைந்த திரியை மறுபடி கொளுத்திக்கொண்டிருக்கும்போது. எல்லாத் திரியும் எரிந்து முடித்தபின் கேளுங்கள், கேள்விக்கும் விடைக்கும் நடுவே மூச்சுவிட இடம் கொடுங்கள். சாத்தானின் வெற்று ஆரவாரங்களை விட்டுவிடுவதாகச் சொல்லும் ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது. பக்கத்தில் புகை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க அதற்கு விடை சொல்வது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

விட்டுவிடுகிறேன் என்றால் எதை? மறையுரையில் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஒரே தண்ணீரில் இறங்கி எழுந்தவர்களுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற பிரிவு இல்லை என்பது கலாத்தியர் 3:27-28. தமிழகத்தில் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் இன்னும் உண்டு. அடக்கத்துக்குப் பாதை வேறாக இருக்கிற ஊரில், கிறிஸ்துவோடு ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டோம் என்ற வாசகத்தைச் சத்தமாக வாசிப்பது எப்படி? உங்கள் பங்கில் அப்படியொன்று இருந்தால், செட்டுக்கு ஒதுக்கிய கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.

ஞாயிறு மதியப் பிரியாணியோடு உயிர்ப்பு முடிந்துவிடுவதில்லை. ஐம்பது நாள் அது. பல ஆண்டுகளில் கத்திரி வெயிலில்தான் முடியும். திரி வாசக மேடைப் பக்கமோ பீடத்தின் பக்கமோ நின்று, குறைந்தது சிறப்பு வழிபாடுகள் எல்லாவற்றிலும் எரிய வேண்டும், பெந்தகோஸ்துக்குப் பின் திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் போகும், பிறகு அடக்கத் திருப்பலியில் பெட்டியின் அருகே வரும். அந்த ஐம்பது நாளும் நின்றுகொண்டே செபிக்கும்படி 325-இல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் 20-ஆம் விதி சொன்னது. நாமோ மறு ஞாயிறே திரியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

தென்னிந்தியத் திருச்சபைச் சபைகள் பலவற்றில் உயிர்ப்பு ஞாயிறு விடியலில் மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். நாம் கல்லறைக்கு நவம்பர் 2-ஐ மட்டும் வைத்திருக்கிறோம். திருவிழிப்பு முடிந்ததும் பாஸ்கா திரியிலிருந்து ஒரு அரிக்கன் விளக்கை ஏற்றிப் பத்திரப்படுத்தி, விடிகாலை ஐந்து மணிக்கு அன்பியத்துக்கு இருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், அந்த ஆண்டு இறந்தவர்களின் குழிமேட்டில் தீபம் வைக்கலாம். விதி இதைக் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

செட் போடும் இளைஞர்களுக்கு வேலை இல்லாமல் போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். நெருப்புக்கு இரண்டு பேர், திரி ஏந்துபவருக்குத் துணையாக ஒருவர், தீயை வரிசை வரிசையாகக் கடத்த ஆறு பேர், சுவிட்ச் போர்டில் ஒருவர், ஜெனரேட்டரில் ஒருவர், அண்டா தூக்க நால்வர், வேனோடு கிராமத்துக்குப் போய்வர இருவர். சனி காலை 8 மணிக்கு எல்லாரையும் கூட்டி, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்கள். கயிறு இழுப்பதில் தேர்ந்தவர்கள் இரண்டு பேரைக் கோபுரத்துக்கு அனுப்புங்கள். பெரிய வியாழன் இரவிலிருந்து மணி அசையாமல் தொங்குகிறது. கப்பிக்கு அன்று மதியமே கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வடஆற்காட்டுப் பங்குகள் சிலவற்றின் வாசகர்களும் பாடகர்களும் உபதேசியார்களும்